மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்

நகரத் திட்டமிடலைப் பாடமாக நடத்துகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நடத்துகிற பாடத்துக்குள்ளேயே போய்க் குடியிரு என்று யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் ஒரு கல்லூரியில் பல வருஷமாக அந்தச் சௌகரியத்தோடுதான் காலத்தை ஓட்டிவந்தேன். போன மாசி மாதம் திருப்பூருக்குப் போனபோது அது கையை விட்டுப் போயிற்று.

அனுப்பிவைத்தவர் என்னோடு வேலை பார்க்கும் குமார். அவருடைய அக்கா சரஸ்வதியும் அக்கா வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியும் முதலிபாளையம் பக்கம் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். கம்பெனியை ஒட்டி இருந்த குடும்ப நிலத்தில் தொழிலாளர்களுக்காக வரிசையாக வீடுகள் கட்டினார்கள். கட்டி முடித்து ஒரு வருஷமாகியும் ஒரு குடும்பம்கூடக் குடிவரவில்லை. “நீங்க இதைத்தானே பாடமா நடத்துறீங்க, போய்ப் பார்த்துட்டு என்ன குறைன்னு சொல்லுங்க,” என்றார் குமார். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் அதிகம் யோசிக்கவில்லை.

போய் இறங்கியதும் அரிசிம்பருப்புச் சாதம். அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைந்து கிடக்க, அதன் தலையில் சரஸ்வதி நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் என்று நான் கையைக் காட்டக் காட்ட இன்னொரு கரண்டி விழுந்தது. இந்த ஊரில் ‘போதும்’ என்பதை மரியாதைக்குச் சொல்லும் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

சாப்பிட்ட கையோடு ஈஸ்வரமூர்த்தி என்னைக் காலனிக்குக் கூட்டிப்போனார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன். நடக்கும்போது கீழே கிடக்கும் நூல்கண்டைக்கூடக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற மனிதர்.

“இது சஸ்டைனபிள் காலனிங்க மேடம். பனியன் வாங்கற வெளிநாட்டு பையர் வந்தாக்கூட இதைப் பாத்துட்டு வாய்பொளந்து நின்னுட்டாருங்க,” என்றார்.

நானும்தான் நின்றேன். மாடியில் சூரிய ஒளித் தகடுகள். மழைநீர் இறங்கத் தொட்டி. குளியல் தண்ணீர் சுத்தமாகிப் புங்கன் கன்றுகளுக்குப் போகக் குழாய். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறை, தனிக் கழிப்பறை, இரண்டு குழாய்கள். ஒன்றில் குடிக்க நல்ல தண்ணி, மற்றதில் துவைக்க உப்புத் தண்ணி. குழந்தைகளை விட ஓர் அறை, மளிகைக் கடைக்கு ஒன்று. நடந்தால் பத்து நிமிஷத்துக்குள் வேலை. வீடு, வேலை, கடை, குழந்தை எல்லாம் நடை தூரத்துக்குள் இருந்தால் வண்டி குறையும், புகை குறையும், மனிதனுக்கு நேரம் மிஞ்சும் என்பதுதான் நான் வருஷா வருஷம் நடத்தும் பாடம். அதை ஒருவர் செங்கல்லால் கட்டி வைத்திருந்தார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

“பின்னே ஏன் யாரும் வரவில்லை?”

“அதைச் சொல்லத்தானுங்களே உங்களைக் கூப்பிட்டது! வாடகை வெளிய விடக் கம்மிதானுங்க. நம்ம கம்பெனில வேலை செய்யோணும், அவ்வளவுதான் கண்டிசன். ஆளுக வரமாட்டேங்கறாங்க.”

கடைசி வரிசையில் ஒரு வீட்டைத் திறந்து என்னை அங்கே தங்கவைத்தார்கள். தங்கள் பங்களாவிலேயே தங்கலாமே என்று சரஸ்வதி எவ்வளவோ சொன்னார். குடியிருந்து பார்த்தால்தான் குறை தெரியும் என்று நான்தான் பெரிய மனுஷிபோலச் சொன்னேன்.

குறை அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் பஸ் போகும் தடம். பஸ் நிற்பதும் கண்டக்டர் விசிலடிப்பதும் படுக்கையிலிருந்தே கேட்டது. யாரோ தள்ளுவண்டியில் காளான் போடுகிற வாசனையும் வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்தால் தெருமுனையில் இந்தக் காளான் கிடைக்கும். பெயர்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோஸ், மேலே காரமான மசாலா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மதிலில் வழி இல்லை. காலனிக்கு ஒரே கேட், அது கம்பெனி வளாகத்துக்குள் திறக்கிறது. வளாகத்தைக் கடந்து, கட்டிங் பிரிவைத் தாண்டி, கம்பெனியின் முன்கேட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு சந்து வழியாகச் சுற்றினால்தான் தடம். முன்கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். பீகார்க்காரர், தமிழ் ஓரளவு பேசினார். “எங்கே மேடம்? சார்கிட்ட சொல்லியாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தார். அவர் பேசி முடிப்பதற்குள் என் போன் அடித்தது.

“ஏனுங்க்கா, வெளிய போறீங்களாமா? சாப்பாடு ஏதாச்சும் சரியில்லீங்களா?” சரஸ்வதியின் குரலில் உண்மையான பதற்றம்.

“சாப்பாடெல்லாம் பிரமாதம். சும்மா காளான் சாப்பிடலாமென்று...”

“காளானா! அதை ஏனுங்க தடத்துல போய்த் திங்கோணும்? இருங்க, ஊட்டுலயே பண்ணி அனுப்பறேன்.”

கொஞ்ச நேரத்தில் காரில் பெரிய கேரியர் வந்தது. உள்ளே காளான் பிரியாணி. அசல் காளான், முந்திரி, நெய். மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டிக்காரர் வாணலியைத் தட்டிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்து அந்தப் பிரியாணியைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. எரிச்சலும் வந்தது. இவ்வளவு பாசத்தோடு யாராவது நம்மை அடைத்துவைத்தால் யாரிடம் போய்க் குறை சொல்வது?

மறுநாள் சனிக்கிழமை. நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு அதிகாலையிலேயே வெளியே வந்து, அந்தச் சந்து வழியாகச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். டவுனுக்குப் போய் ஊரைப் பார்ப்பதாக உத்தேசம். தடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. பெண்கள் மளமளவென்று ஏறினார்கள். மினி பஸ் என்று நானும் தாண்டிப்போய் ஏறி, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

பக்கத்தில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “புதுசாக்கா? ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா?”

இரண்டும் தையல் மெஷின்களின் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும் என்றேன். வேன் முழுக்கச் சிரித்தது.

“ஆத்தாடி, இது எங்க கம்பெனி வண்டிக்கா! அவிநாசிபாளையத்துக்குல போகுது. டிரைவரு நடுவுல நிறுத்த மாட்டாரு, லேட்டாப் போனா எங்க எல்லாருக்கும் ஏச்சு விழும். பேசாம வாங்க. இறங்கி டீயக் குடிச்சிட்டு, தாராபுரத்துல இருந்து வர்ற பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிரலாம்.”

அவள் பெயர் முத்துமாரி. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓவர்லாக் டைலர். திருப்பூருக்கு வந்த பிறகு எத்தனை கம்பெனி பார்த்தாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், திரும்பி வரும்போது எங்கே கூலி நன்றாக இருக்கிறதோ, எங்கே சூப்பர்வைசர் வாய் நீளாமல் இருக்கிறாரோ அங்கே சேர்ந்துகொள்வார்களாம். இந்த வேனிலேயே பாதிப்பேர் போன தீபாவளிக்கு வேறு வேனில் போனவர்கள்.

வழிநெடுகச் சுவர்களிலும் கம்பங்களிலும் ‘டைலர் தேவை’, ‘செக்கிங் ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருந்தது. கம்பெனி வாசலில் இறங்கியதும் கேட்டில் நின்ற ஒருவர் என்னையும் விடவில்லை.

“டைலருங்களா?”

“இல்லை, ஆசிரியை.”

“பரவால்லீங்க. கண்ணாடி போட்டிருக்கறீங்க, செக்கிங் பாக்கலாமுங்க.”

சிங்கப்பூரில் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு வேனை விட்டு இறங்கிய வேகத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு எதிரில் இருந்த பேக்கரிக்குப் போனேன். முத்துமாரி உள்ளே ஓடுவதற்கு முன்னால், “நாளைக்கு ஞாயித்துக்கெழமதான, வீட்டுக்குச் சாப்பிட வாங்கக்கா. அந்த ஸ்டாப்புக்கு நேர் எதுத்த சந்துதான்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். பக்கத்து மேஜையில் இரண்டு வடக்கத்திப் பையன்கள். தொலைக்காட்சித் தொடர்கள் புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் இந்தி புரியும். “இந்த ஊரில் கறிவேப்பிலை போடாமல் எதையுமே சமைக்க மாட்டார்களா?” என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். “போன தடவை ஊருக்குப் போனபோது அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை,” என்றான் இன்னொருவன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த குண்டடத்துக்காரர் நான் சிங்கப்பூர் என்றதும் முகம் மலர்ந்தார். அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம். “நல்ல ஊருங்க. ரோட்டுல ஒரு குப்பை இருக்காதுங்களே! நாங்க ஞாயித்துக்கெழமதானுங்க ரோட்டையே பாப்போம். மத்த நாளெல்லாம் ரூமு, ஒரே கேட்டு, லாரி, பட்டறை, மறுக்கா ரூமு.” அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர் தங்கியிருந்த தொழிலாளர் விடுதியின் பெயரைச் சொல்லி, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். தீவின் அந்தக் கோடிக்கு நான் போனதே இல்லை. வந்ததிலிருந்து ‘இந்த ஊரையும் சிங்கப்பூர் மாதிரி ஆக்கோணுமுங்க’ என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. அவர்கள் சொன்ன சிங்கப்பூரில் அந்த விடுதியும் அதன் ஒற்றைக் கேட்டும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியின் வீடு. எதிரெதிராக இரண்டு வரிசை ஒற்றை அறைகள், நடுவில் ஒரு சந்து. லைன் வீடு என்பார்கள். திருப்பூரில் பாதிப்பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். சந்தின் கோடியில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறைகள். கோழிக்குழம்பு காரத்தில் என் காது அடைத்தது. முத்துமாரியின் வீட்டுக்காரர் பிரிண்டிங் பட்டறையில் ஓவர்டைம் முடித்துவந்து கட்டிலில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் கயல்விழி கீழே உட்கார்ந்து பரிமாறினாள்.

சாப்பாட்டுக்கு நடுவில் கயல்விழி அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். முத்துமாரி கை கழுவிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அவளோடு சந்தின் கோடிக்குப் போனாள். மகள் உள்ளே இருக்க, தாய் கழிப்பறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் அறைப் பையன்கள் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தாழ்ப்பாள் நிக்க மாட்டேங்குதுக்கா,” என்றாள் திரும்பி வந்து. “ஓனர்கிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. காலையில வரிசையில நின்னு, இவளுக்குக் கதவைப் பிடிச்சு, அப்புறம் வேனுக்கு ஓடணும். வயசுக்கு வந்த பிள்ளை. நான் இல்லாதப்ப இவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்கா. போன மாசம் காச்சல் வந்து படுத்துட்டா.”

கயல்விழி எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள்.

வாசலில் நின்றால் பஸ் ஸ்டாப் தெரிந்தது. அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு மேல் ஈஸ்வரமூர்த்தி கட்டிய காலனியின் தண்ணீர்த் தொட்டி. அதைக் காட்டி, அங்கே கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன்.

“பாத்தேங்கக்கா. அந்தக் கம்பெனியில வேலைன்னாதான் வீடாம்.” சாப்பிட்ட தட்டை நான் கழுவப்போக, பிடுங்கி வாங்கிக்கொண்டாள்.

திங்கள் காலை பங்களாவில் சந்தகை. இடியாப்பத்தின் கொங்குச் சொந்தம். தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசைந்துகொண்டே, கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். ஈஸ்வரமூர்த்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“உங்கள் காலனிக்குக் கதவு தப்பான பக்கம் இருக்கிறது. பஸ் தடத்தின் பக்கம் ஒரு கேட் வையுங்கள். அப்புறம் அந்தக் கண்டிஷனை எடுத்துவிடுங்கள்.”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “கேட் ரெண்டு வெச்சா யாரு வர்றா யாரு போறான்னு எப்புடீங்க பாக்கறது? பொம்பளப் புள்ளைக இருக்கற எடம். ஒண்ணுன்னா நாளைக்கு என்னையத்தானுங்க கேப்பாங்க.”

“என்னைப் பார்த்துக்கொண்டதுபோல் பார்த்துக்கொள்வீர்கள். ஒரு தட்டுக் காளானுக்கு இரண்டு போன்.”

சரஸ்வதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. “சரீங்க, கேட்டை விடுங்க. கண்டிசன எப்புடீங்க எடுக்கறது? எங்கப்பா காலத்துல தோட்டத்துக்குள்ள சாளை போட்டுக் குடுத்தா, அதுல இருக்கறவங்க அந்தத் தோட்டத்துலதானுங்க வேலை செய்வாங்க. நல்லது கெட்டது எல்லாம் எங்கப்பாதான் பாத்தாரு. என்ற எடத்துல, என்ற செலவுல ஊடு கட்டி, அடுத்தவன் கம்பெனிக்கு ஆள் அனுப்பச் சொல்றீங்களா?”

அவர் கட்டியிருந்தது ஒரு தோட்டம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சாளைக் குடிசையை மாடி வீடாக்கி, சூரியத் தகடு போட்டு, கிணற்றடிக்குப் பதிலாகக் குழாய் வைத்திருந்தார். நல்ல மனதோடுதான் செய்திருந்தார். நானும் அதைப் பார்த்துவிட்டு, என் பாடத்தில் இருப்பதெல்லாம் இருக்கிறது என்று மனசுக்குள் முழு மதிப்பெண் போட்டிருந்தேன். நடந்துபோகிற தூரத்தை அளக்கிற அந்தப் பாடத்தில், வேறு பக்கம் நடக்க முடியுமா என்ற கேள்வியே கிடையாது.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்தார்.

“அக்கா, எங்க கல்யாணம் பேச வந்தப்ப எங்கப்பா இவருகிட்ட எந்தக் கம்பெனில வேலைன்னு கேட்டாருங்க. போன மாசம் ஒண்ணு, இந்த மாசம் ஒண்ணுங்க மாமான்னு சொன்னாரு. எங்கப்பாவுக்கு வந்துச்சே கோபம், எந்திரிச்சே போயிட்டாரு. ஒரு கம்பெனில கட்டிங் கத்துக்கிட்டாரு, சொல்லிக்காம ஓடி வந்துட்டாரு. இன்னொரு எடத்துல நிட்டிங் கத்துக்கிட்டாரு. அங்கயும் ஓட்டம். ஏனுங்க, மொதக் கம்பெனிக்காரரு உங்களுக்கு ஒரு ஊடு குடுத்துக் கேட்டையும் சாத்தியிருந்தா, நாம இன்னைக்கு யாருங்க?”

“அது வேற இது வேற,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. சந்தகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். கம்பெனிக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சரஸ்வதி என் தட்டில் இன்னொரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றினார். நான் போதும் என்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் என்னோடு அதைப் பேசவில்லை. புதன் காலை படுக்கை அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேர் கடப்பாறையால் மதிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, செங்கல் உடையாமல் எடுக்கும்படி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், “கேட் மட்டுமுங்க. கண்டிசன் கண்டிசன்தான்,” என்றார்.

வழி பிறந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். நான் நேராக வெளியே போய்த் தள்ளுவண்டிக்காரர் எப்போது வருவார் என்று விசாரித்தேன். சாயங்காலம் காளானும் தின்றேன். அத்தனை ஏக்கத்துக்குத் தகுந்த ருசி அதில் இல்லை என்பதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ரோட்டுவேலைக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்ததால் முத்துமாரியின் கம்பெனியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நான் சந்துக்குப் போய், சும்மா வந்து பாருங்கள் என்று அவளையும் கயல்விழியையும் கூட்டிவந்தேன். என் பக்கத்து வீட்டை ஈஸ்வரமூர்த்தியே திறந்து காட்டினார். ஆள் வந்து பார்க்கிற சந்தோஷம் அவருக்கு. குழாய்களைத் திறந்து மூடினார். சூரியத் தகட்டின் பெருமையைச் சொன்னார்.

கயல்விழி கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திறந்தாள். மறுபடி சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அப்புறம் சத்தமே இல்லை. நாங்கள் மூன்றுபேரும் அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“எங்க வேலை பாக்கற கண்ணு?” என்று ஈஸ்வரமூர்த்தி முத்துமாரியிடம் கேட்டார்.

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள்.

“அவனா! எங்கிட்ட டைலருக்கு எடுபிடியாக் கைமடிச்சுட்டு இருந்தவன்! துணி எடுத்துக் குடுத்துட்டு, டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு இருந்தவன்!” அவருக்கு மூச்சு வாங்கியது. “அவன் குடுக்கற கூலிய நான் குடுக்க மாட்டனா? இங்க வந்துரு. நாளைக்கே ஊடு.”

முத்துமாரி கழிப்பறைக் கதவை ஒருதரம் பார்த்தாள்.

“கூலிக்கு இல்லைங்கய்யா. இப்ப கம்பெனியில ஒரு சண்டைன்னா, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிறேன். மறுநாள் வேற கம்பெனிக்குப் போறேன். வேலையும் வீடும் உங்களதுன்னா, உங்ககூட ஒரு சண்டை வந்தா நான் எங்கய்யா போய்க் கதவைச் சாத்துறது? புள்ளைய இதுல கொண்டாந்து வச்சுட்டு, பழகினப்புறம் மறுபடி அந்த லைனுக்குக் கூட்டிட்டுப் போக என்னால முடியாது. அதுக்கு இப்பவே போயிரலாம்.” பிறகு குரலை உயர்த்தி, “கயலு, வாடி,” என்றாள்.

தாழ்ப்பாள் திறக்கவில்லை. “வர்றேம்மா,” என்று குரல் மட்டும் வந்தது.

ஈஸ்வரமூர்த்தி வெளியே போய்விட்டார். இடித்த மதில் பக்கம் நின்றுகொண்டு செங்கற்களைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஆசை காட்டிக் கூட்டிவந்தது நான். இனி அந்தப் பெண் தினமும் மதில் தாண்டித் தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டுதானே வரிசையில் நிற்பாள்?

அவர் திரும்பி வந்தபோது முகம் இறுகித்தான் இருந்தது.

“நல்ல தண்ணி வாரத்துல ரெண்டு நாள்தான் வரும். தொட்டி நெறஞ்சதும் மூடிரோணும். உப்புத் தண்ணிய புங்கங்கன்னுக்கு ஊத்தக் கூடாது, பட்டுப்போயிரும். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. வாடகை மாசம் பொறந்ததும் குடுத்தரோணும்.”

முத்துமாரி அடுத்து வரப்போகும் கண்டிஷனுக்காகக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அவர் சாவியை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, யாருக்கோ போன் பேசிக்கொண்டே கம்பெனிப் பக்கம் நடந்தார். முத்துமாரி அந்தச் சாவியைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள். எடுத்துக்கொள் என்று தலையை ஆட்டினேன்.

அவர்கள் மறுநாளே குடிவந்தார்கள். கட்டில், காஸ் அடுப்பு, பாத்திர மூட்டை, கயல்விழியின் புத்தகப் பை, எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் புதுக் கேட் வழியாக வந்துவிட்டன.

நான் கிளம்பும் அன்று காலை புதுக் கேட்டடியில் காருக்காகக் காத்திருந்தேன். வழியனுப்ப ஈஸ்வரமூர்த்தியும் சரஸ்வதியும் வந்திருந்தார்கள். சரஸ்வதி வெல்லம் சேர்த்துச் சுட்ட கச்சாயம் நிறைந்த ஒரு டப்பாவை என் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அப்போது முத்துமாரி சாப்பாட்டுப் பையோடு எங்களைக் கடந்து போய்த் தடத்தைத் தாண்ட நின்றாள். அவளுடைய கம்பெனியின் வெள்ளை வேன் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. இந்தப் பக்கம் நூல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்துகொண்டிருந்தன. டிரைவர் ஹார்னை அடித்தான். அவள் ஓர் அடி வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தாள்.

ஈஸ்வரமூர்த்தி வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். முகம் கறுத்தது. சட்டென்று கையை நீட்டி லாரியை நிறுத்தி, தடத்தைக் கடந்து நேராக டிரைவரிடம் போனார். “ஐயோ, சண்டைக்குப் போறாருங்க்கா,” என்று சரஸ்வதி என் கையைப் பிடித்தார். முத்துமாரி நின்ற இடத்திலேயே உறைந்துபோனாள்.

அவர் குரல் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

“ஏம்ப்பா, கண்ணு தெரியுதா இல்லியா? புள்ளைக லாரிக்கு நடுவுல தாண்டி வர்றாங்க, நீ உக்காந்துட்டு ஹார்ன் அடிக்கற! நாளையில இருந்து அங்க திருப்பிட்டு வந்து நம்ம கேட்டுக்கிட்ட நிறுத்தோணும்.”

“உங்க கேட்டுலயாங்க?” என்றான் டிரைவர், நம்பமுடியாமல்.

“ஆமாப்பா. உங்க மொதலாளி ஏதாச்சும் கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு.”

டிரைவர் நாளைவரை காத்திருக்கவில்லை. வேன் மெல்லத் திரும்பி வந்து இடித்த மதிலின் ஓரமாக நின்றது. முத்துமாரி ஏறிக்கொண்டாள்.